லோகுவின் தலையும் என் ஒயர்களும்

அடுத்தவர் தலையில் ஒயர் ஒட்டிப் பிழைக்கிறவள் நான். திருத்தணியில் போதையை மறக்கவைக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் மூளை அலையைப் பதிவு செய்வது என் வேலை. வீட்டில் ஒரு 'நாளையிலிருந்து விட்டுடறேன்' ஆசாமியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களே, இது உங்களுக்குத்தான்.

எண்ணெய்க் குளியல்

லோகு, பொதட்டூர்பேட்டை விசைத்தறிக்காரர் ஒருவரின் மகன். சென்னையில் பார்ட்டிகளுக்கு ஸ்பீக்கர் கட்டப் போன இடத்தில் கொகைன் பழகிவிட்டான். எங்களிடம் இரண்டு முறை சேர்ந்து, இரண்டு முறையும் பாதியில் ஓடியவன். இன்னொரு தரம் தொட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

மூன்றாம் முறை சேர வந்தபோது, தலையை ஷாம்பு போட்டு அலசி, எண்ணெய் வைக்காமல் கூட்டி வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வந்தான், காதோரம் நல்லெண்ணெய் வழிய! ஒட்டிய ஒயரெல்லாம் வழுக்கி விழுந்தது. நான் கத்திய கத்தலுக்கு அவன் அப்பா நிதானமாகப் பதில் சொன்னார்: "மூளையில சூடு ஏறிப்போச்சுன்னுதானம்மா இட்டுகினு வந்தேன்? எண்ணெ வெக்காம சூடு எப்படி எறங்கும்?"

பச்சையும் சிவப்பும்

தலையை அலசவைத்து, மறுபடி ஒயர் ஒட்டிப் பரிசோதனையை ஆரம்பித்தேன். திரையில் பச்சை வட்டம் வந்தால் பட்டனை அமுக்க வேண்டும். சிவப்பு வந்தால் கையை அடக்க வேண்டும். அப்படி அடக்கும்போது நெற்றிப் பக்கம் ஒரு அலை எழும்பும். அதைப் பார்க்கத்தான் இத்தனை ஒயரும். கொகைன் பழகியவர்கள் பலருக்கு அது சோம்பிக் கிடக்கும். லோகுவுக்கோ தூங்கியே போயிருந்தது. பச்சைக்கும் டக், சிவப்புக்கும் டக். "உன்னை யாருப்பா துரத்தறாங்க? சிவப்புக்குக் கொஞ்சம் நில்லேன்!" என்று எரிந்து விழுந்தேன். அவன் சிரித்தான். "நிக்கத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்குக்கா இங்க வந்து குந்தப்போறேன்?"

சந்தனம்

ஐந்தாவது வாரம் அடுத்த பரிசோதனை. அன்று காலை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அப்பா அவனை மலைக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டுவிட்டு வந்தார். எங்கள் தொழிலில் மொட்டைத் தலை கிடைத்தால் லட்டு கிடைத்த மாதிரி! ஆனால் மேலே அப்பிய சந்தனம் காய்ந்து பற்றாக நின்றது. ஒரு கோடுகூடத் திரையில் ஒழுங்காக ஓடவில்லை.

கழுவச் சொன்னேன். சாமி சந்தனத்தைச் சாக்கடையில் விடுவதா என்று அப்பா முறைத்தார். கழுவாவிட்டால் பரிசோதனையே இல்லை என்று நானும் முறைத்தேன். கடைசியில் அவர் உள்ளங்கையை நனைத்து, மகன் தலையிலிருந்து வழித்து வழித்துத் தன் நரைத்த தலையில் பூசிக்கொண்டார். "புள்ள சந்தனம் எந்தலையில கீது தாயி. நீ ஒயர ஒட்டு."

காலிக் கட்டில்

அந்தப் பரிசோதனையிலும் பாதிச் சிவப்புக்கு அமுக்கிவிட்டான். மறுநாள் மத்தியானம் பார்த்தால் கட்டில் காலி. சென்னையிலிருந்து பழைய கூட்டாளி கூப்பிட்டானாம். அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முருகா, இவர் பிள்ளையை விட்டுவிடாதே என்று வேண்டிக்கொண்டே அவரை ஸ்கூட்டரில் ஏற்றி ஸ்டேஷனுக்குப் பறந்தேன். உள்ளே ஓடும்போது சென்னை ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு!

ரயில் போனதும் பார்த்தால், பிளாட்பாரக் கோடி பெஞ்சில் ஒரு மொட்டைத் தலை. அப்பாடா! திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. கையில் டிக்கெட் கசங்க, அவன் அப்பாவைப் பார்த்துச் சொன்னான்: "ரெண்டு வண்டிய உட்டுட்டேன் நைனா. மூணாவது வந்தா ஏறிடுவேன்னு பயந்துகினு குந்திகினு கீறேன். சீக்கிரம் இட்டுகினு போ."

இரண்டு ரயிலை விட்ட அந்த மூளையைப் பதிவு செய்ய அன்று அவன் தலையில் ஒரு ஒயர்கூட ஒட்டியிருக்கவில்லை, என் தொழில் ராசி அப்படி!