ஜப்திக்கு ஆகாத பருத்தி

வீட்டுக்குள் அடுப்பு எரியக் கூடாது என்று என் வீட்டுக்காரர் உத்தரவு போட்ட வருசம் அது. காரணம் பருத்தி. ஓடைப்பட்டிக் காட்டில் விளைந்ததை வண்டியில் ஏற்றித் தேனி மண்டிக்குக் கொண்டுபோனவர், போன பாரத்தோடு அப்படியே திரும்பி வந்தார். மண்டிக்காரர் சொன்ன விலை முந்தின வருசத்தில் பாதிகூட இல்லையாம். சீமையில் ஏதோ பணமுடையாம், மில்லுக்காரர்கள் கொள்முதலை நிறுத்திவிட்டார்களாம். மண்டிக்காரர் கையை விரித்துவிட்டார். இவருக்கு வந்ததே கோபம்.

"சும்மா குடுக்குறதுக்கா வெயில்ல கெடந்தோம்? நாலு மாசம் பொறுத்தா வெல தன்னால ஏறும். அதுவரைக்கும் வீட்ல கெடக்கட்டும்" என்றார்.

வீடு என்றால் ஒரு அறையும் முன்னால் ஒரு தாழ்வாரமும்தான். அறைக்குள் பருத்தி உத்தரம் வரை ஏறி நின்றது. நானும் கைக்குழந்தையும் தாழ்வாரத்துக்குக் குடிபெயர்ந்தோம். வாசலில் மூன்று கல்லைக் கூட்டிச் சமைத்தேன். கஞ்சியில் ஒரு நாள் மண் கிடக்கும், ஒரு நாள் பஞ்சு கிடக்கும். விளக்கேற்றுவது கிடையாது. அவர் பீடி குடிக்கத் தெருக்கோடிப் புளியமரத்துக்குப் போவார். பெற்ற மகளைக்கூட அவர் அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை. இத்தனை பருத்தி கிடந்த வீட்டில் எனக்கு மாற்றுச் சேலை கிடையாது. யாரிடம் போய்ச் சொல்ல?

எங்களைக் காப்பாற்றியது ஒரு எருமை. கடமலைக்குண்டில் என் பிறந்த வீட்டார் சீராகக் கொடுத்தது. எனக்குப் பால் சீக்கிரமே வற்றிவிட்டதால் குழந்தைக்கு அதன் பால்தான் ஆகாரம். மிச்சத்தை மோராக்கித் தெருவில் கொடுத்துக் கம்பும் கேழ்வரகும் வாங்கினேன்.

விலை ஏறவில்லை. மேலும் இறங்கியது. தேனிக்குப் போய்வரும் வண்டிக்காரர்களைத் தெருவில் மறித்து அவர் விலை கேட்பார். கேட்டுவிட்டு என்னிடம் மூச்சு விடமாட்டார். முகத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன். சர்க்காருக்குக் கட்டும் நிலத்துக் கிஸ்தி மட்டும் இம்மியும் இறங்கவில்லை. நாங்களும் தவணை தவறவிட்டோம்.

ஒரு காலையில் மணியகாரரும் தலையாரியும் ஜப்திக்கு வந்து நின்றார்கள். இவர் பதறவே இல்லை. கதவை விரியத் திறந்து, "பருத்தி இருக்குங்க. வேண்டியத எடுத்துக்கங்க" என்றார், ஏதோ கஜானாவைத் திறந்துவிட்டவர் மாதிரி.

மணியகாரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இத ஏலம் விட்டாக் கேக்க ஆளு வேணுமேப்பா. மேலத்தெருவுல எடுத்த பருத்தி சாவடியில அப்படியே கெடக்கு. எலி குட்டி போட்டுக்கிட்டு இருக்கு. ஒழவு மாட்டத் தொடக் கூடாதுன்னு சட்டம் வேற."

பிறகு அவர் பார்வை மாட்டுக் கொட்டத்தில் நின்ற எருமை மேல் விழுந்தது.

"பச்சப்புள்ள குடிக்கிற பாலுங்க அது!" என்று கத்தினேன். "நெலம் அவுக பேர்ல இருக்கு. எரும என் பொறந்த வீட்டுச் சீரு!"

"மேல இருந்து உத்தரவு, தாயி. நான் எடுக்காமப் போனா என் வேலைய எடுத்துருவாக" என்றார் மணியகாரர், தரையைப் பார்த்துக்கொண்டு. கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் வாய்விட்டுச் சபித்திருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் தன் கயிற்றோடு வர வேண்டும். கயிறு வீட்டில் இருந்தால் இன்னொரு மாடு வந்துசேரும் என்று நம்பிக்கை. தலையாரி வெறுங்கையோடு வந்திருந்தார். நான் எருமையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"சர்க்காரு எருமையத்தான கேட்டுச்சு? கயிறு தரமாட்டேன்."

தலையாரி தன் தலைத்துண்டை அவிழ்த்து அதன் கழுத்தில் கட்டினார். எருமை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது என்று எழுத ஆசைதான். அது பார்க்கவில்லை. துண்டின் நுனியை மென்றுகொண்டே போய்விட்டது.

அன்று சாயங்காலம் குழந்தை பாலுக்கு அழுதது. வேறு வழியில்லை. அந்தப் பருத்தியிலேயே ஒரு பிடி எடுத்து, கொட்டையைக் கையால் பிய்த்து, ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டி போட்டுக் காய்ச்சினேன். முதலில் துப்பினாள். பசி பொறுக்காமல் பிறகு குடித்தாள். அதுவே தினப்படி வேலையாயிற்று. பஞ்சு பிய்த்துப் பிய்த்து என் நகக்கண்ணெல்லாம் புண்.

சில நாள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கொட்டை பிய்க்க ஆரம்பித்தார். கையில் ஒட்டிய பஞ்சை உதறிவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கு வண்டியப் பூட்டுறேன். என்ன வெல சொன்னாலும் போட்டுட்டு வந்துர்றேன். மிச்சத் தவணையக் கட்டிப்புட்டு, முடிஞ்சா ஒரு கன்னுக்குட்டி பிடிப்போம்."

முதல் தடவை வண்டி போன அன்றைக்கே விற்றிருக்கலாமே என்று கேட்க எனக்கு உரிமை இருந்தது. கேட்கத்தான் தெம்பில்லை.

விடிந்ததும் சாக்குகளை ஏற்றினோம். பின்பாரம் சரிந்தது. கட்ட ஒரு கயிறு குறைந்தது.

"ஏ புள்ள, அந்த எருமக் கயிறக் குடு."

"திரும்பக் கொண்டாந்துருவீகளா?"

"கயிறு எங்க போகப்போகுது?"

கொடுத்தேன். அவர் போன பிறகு அறையைக் கூட்டிப் பெருக்கி, சாணம் தெளித்து மெழுகினேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வீட்டுக்குள் அடுப்பை மூட்டினேன். கன்றுக்குட்டி வந்தால் கட்ட வேண்டுமே என்று கொட்டத்தையும் ஒதுங்கவைத்தேன்.

பொழுது சாய வந்தார். துண்டின் முடிச்சை என் கையில் கொடுத்தார். "கிஸ்திக்கே சரியாப் போகும்" என்றார். முடிச்சின் கனத்திலேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை ஒருதரம் சுற்றி வந்து பார்த்தேன்.

"கயிறு எங்க?"

கால் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"சாக்கும் கயிறும் சரக்கோட சேந்ததுன்னு சொல்லிட்டாக. கேக்கத்தான் நெனச்சேன். அவுக சொன்ன வெலைக்குத் தலைய ஆட்டிட்டு, அதுக்கப்புறம் ஒரு கயிறக் கேக்க வாய் வரல."

எருமை போன அன்று நான் கத்தினேனே தவிர அழவில்லை. கயிறு போன அன்று அழுதேன். அவர் ஈரக்காலோடு பக்கத்திலேயே நின்றார்.

அதன் பிறகு எங்கள் கொட்டத்தில் கறவை கட்டவே இல்லை. மகள் வளர்ந்து பிள்ளை குட்டி பெற்றுவிட்டாள். எருமைப்பால் அவளுக்கு இன்றைக்கும் குமட்டும். பால் என்றால் அவளுக்குப் பருத்திப்பால்தான்.