இடது பக்கம் அரை அங்குலம்

சின்னவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீடே அழுதது. பெரியவளும் அழுதாள். ஆனால் மூன்றாம் நாளே அவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள் என்று தையல் மெஷினிடம் மட்டும் முணுமுணுத்துக்கொண்டாள்.

அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியுமாக முப்பது வருஷமாய் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கீழே பெரியவள், மாடியில் சின்னவள். பெண்களுக்குச் சட்டை தைப்பதில் பெரியவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆளில்லை. என்ன பிரயோசனம்? வீட்டில் எப்போதும் சின்னவள்தான் செல்லம். அறுவை சிகிச்சை முடிந்து வந்தபின் கேட்கவே வேண்டாம். வெந்நீர்கூட வைத்தறியாத பெரியவளின் புருஷன் ஆரஞ்சு பிழிந்துகொண்டு மாடியேறினார். வெளியூரிலிருந்து ஓடிவந்த சொந்த மகள் சித்தியின் கட்டிலை விட்டு நகரவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி வந்தபோது போனில் தைலம் தேய்க்கச் சொன்னதோடு சரி.

ஊருக்குக் கிளம்பும்போது அந்த மகள், வயது கூடக்கூடத்தான் இது அதிகம் வருமாம், அம்மாவும் மார்பைப் படம் பிடிக்கிற மேமோகிராம் ஒன்று எடுத்துவிட வேண்டும் என்றாள்.

"அவ செஞ்சதையெல்லாம் நானும் செய்யணுமா?" என்று பெரியவள் ஒரே போடாகப் போட்டாள். ஐம்பத்தொன்பது வயது, மார்பில் ஒரு வலி கிடையாது. பிறகென்ன?

இரண்டு மாதம் கழித்துச் சின்னவள் சட்டைகளோடு கீழே வந்தாள். மார்பை எடுத்த பக்கம் உள்ளே பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும். பெரியவள் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு முகம் கொடுக்காமல் வேலை பார்த்தாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பஞ்சை எடுக்க அவள் கையைத் தூக்கியபோது, அவள் சட்டையில் அக்குளுக்குக் கீழே இரட்டைத் தையல் தெரிந்தது.

"அக்கா, இடது பக்கம் மட்டும் பிடிச்சுத் தைச்சிருக்கீங்களே?"

துணி தொங்கியது, அரை அங்குலம் பிடித்தேன் என்றாள் பெரியவள். அதற்கு முன்பும் ஒருமுறை பிடித்ததைச் சொல்லவில்லை.

சின்னவள் அந்தத் தையலைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்கும் நோய் தெரியறதுக்கு முன்னாடி இப்படித்தான் தொங்குச்சு. உங்ககிட்டதான் கொண்டுவந்தேன். நீங்க ரெண்டு தடவை பிடிச்சுக் கொடுத்தீங்க."

பெரியவள் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். உடம்பு கோணியதற்குத் துணியைத் திருத்தியிருக்கிறாள், இவளுக்கும் தனக்கும். கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் கைகளைத் தூக்கினாள். இடது மார்பின் ஓரத்தில் தோல் உள்ளிழுத்துக் குழி விழுந்திருந்தது. சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மறுநாளே சின்னவள்தான் கூட்டிப்போனாள். படம் எடுத்து, ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்றும் அவளே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புற்றுநோய்தான், ஆனால் கட்டி சின்னது, பரவவில்லை, மார்பை முழுதாக எடுக்கத் தேவைப்படாது என்றார் டாக்டரம்மா.

பெரியவள் சின்னவளைக் காட்டிக் கேட்டாள். "இவளோடதைவிடச் சின்னதா?"

சின்னவள்தான் பதில் சொன்னாள். "ஆமாக்கா. பாதிகூட இல்ல."

முப்பது வருஷத்தில் முதல்முறையாகத் தனக்குக் குறைவாகக் கிடைத்ததில் நிம்மதிப்பட்டுப் பெரியவள் அழுதாள், சின்னவளின் கையை விடாமல்.