இரண்டு பேர் தூக்கிப் போன வாளி

புருஷன் மாரடைப்பில் போய் மூன்றே வாரத்தில் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. காலை ஆறே முக்காலுக்குப் படகுத்துறைக்கு வந்து, காற்று சிலிண்டரின் வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள்.

துறையில் அவளுக்குப் பெயர் முள்ளக்கா. பவளப்பாறைகளுக்கிடையே இறங்கிச் சிங்கமீனைக் குத்துவது அவள் வேலை. சிவப்பும் வெள்ளையுமாய் வரி, விசிறியாய் விரிந்த துடுப்பு, முதுகு நெடுக விஷ முள். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் ஊர்ப்பக்கத்துக் கடல் மீனான அது, அவள் பிழைக்க வந்த இந்தத் தூரதேசத்துக் கடலுக்கு வந்தேறி. அதைத் தின்ன இங்கே எதுவும் பழகவில்லை. அதுவோ குஞ்சு மீன்களை வாரி விழுங்கும். பாசியை மேயும் மீன்கள் தீர்ந்தால், பாசி பவளத்தை மூடிச் சாகடித்துவிடும்.

எட்டு வருஷமாகக் குத்துகிறாள். அதற்கொரு காரணம் இருந்தது.

அவள் புருஷன் ஒரு காலத்தில் வண்ணமீன் கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது எல்லா மீனுக்கும் ஆள் கிடைத்தது, இரண்டு சிங்கமீனைத் தவிர. "உயிரோட இருக்கிறத எப்படிக் குப்பையில போடுறது?" என்றார். அவற்றைப் போட்ட வாளியை அவரும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போய்த் துறையில் கவிழ்த்துவிட்டு, வழியில் டீ குடித்துவிட்டு வீடு திரும்பினார்கள். ஏழெட்டு வருஷம் கழித்து, கடலில் சிங்கமீன் பெருகிவிட்டதாகச் செய்தித்தாளில் வந்தது. அவர் அதைப் படித்து மடித்து வைத்தார். அவற்றைக் குத்த மீன்வள இலாகா முக்குளிக்கும் ஆள் தேடியபோது அவள் பெயர் கொடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்தவர் அவர்தான். தண்ணி குளிராக இருந்ததா, காது வலித்ததா என்றெல்லாம் கேட்பார். எத்தனை மீன் குத்தினாய் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் போன ஐந்தாவது வாரம், குத்திய மீனை, இடுப்பில் தொங்கும் சேகரிப்புக் குழாய்க்குள் தள்ளும்போது முள் கையுறையைத் துளைத்துக் கட்டைவிரலடியில் ஏறியது. மேலே வந்து கையை நீட்டினாள். படகோட்டி பதறிப்போய், விஷம் முறிய ஃபிளாஸ்கிலிருந்த வெந்நீரை ஊற்றினான்.

"கத்துங்கக்கா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என்னைக் குத்தினப்ப நான் ஏழு தலைமுறையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்."

"வலிக்குது," என்றாள், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல். கை பன் ரொட்டியாய் வீங்கிக்கொண்டிருந்தது. வேறு யாருடைய கையோ மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையில் இலாகாவின் கொட்டகை. அங்கே மீன்களின் வயிற்றைக் கீறி, என்ன தின்றிருக்கிறது என்று எழுதுவது அவள் நாத்தனாரின் வேலை. கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பேசினில் சுடுநீர் ஊற்றி, கையை உள்ளே அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அழுதுடுங்களேன் அண்ணி. இதுக்காவது அழுங்க."

"வரல." மறு கையால் முகத்து உப்பைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இந்த மீனை உங்க அண்ணனும் நானும்தான் விட்டோம். வாளில கொண்டுபோய்."

நாத்தனார் கையை விடவில்லை. "தெரியும். அண்ணன் சொல்லியிருக்கான். நீங்க மறந்துட்டீங்கன்னு நினைச்சுட்டிருந்தான். ஞாபகப்படுத்திடாதேன்னான்."

அவள் தலையாட்டினாள். தண்ணீர் ஆறிவிட்டது என்றாள்.

வீக்கம் வடிந்ததும் இலாகா அதிகாரியின் அறைக்குப் போய், வாளி விஷயத்தை அவரிடமும் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதைச் சொல்லிக்கிட்டு வர்ற எட்டாவது ஆள் நீங்க. ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், ஒரு ஹோட்டல்காரர்... எல்லாருக்கும் தன்னோட மீன்தான் காரணம்னு நினைப்பு. யாரோடதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா. உட்காருங்க."

பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் போயிருந்தாள். இறங்கவில்லை, ஏறவும் இல்லை. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கட்டைவிரல் பிறகு முழுதாக மடங்கவில்லை. ஈட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். அடுத்த வருஷக் கணக்கெடுப்பில், அவர்கள் விடாமல் குத்திவந்த வடக்குப் பவளத் திட்டில் மட்டும் பாசி குறைந்து, குஞ்சு மீன்கள் கூட்டமாகத் தெரிந்தன. ஆழத்திலிருந்து சிங்கமீன் வந்துகொண்டேதான் இருக்கும், ஒரு மாதம் விட்டாலும் பழையபடி ஆகிவிடும், தெற்குத் திட்டிலோ இன்னும் யாரும் இறங்கவே இல்லை என்று நாத்தனார் சொன்னாள்.

"அப்ப நாளைக்குத் தெற்குத் திட்டா?" என்று கேட்டாள் அவள்.