தாராவியில் தைத்து மாட்டுங்காவில் உடுத்திய வேட்டி

"அம்மா, இவரு நம்ம ஆளா, இல்லையா?"

டோம்பிவிலி ஸ்டேஷன் படியில், ரூபாய் நோட்டிலிருந்த படத்தைக் காட்டி என் ஒன்பது வயது மகள் நிலா கேட்டாள். அப்போதைக்கு, "மொதல்ல ஏறு, வண்டி வந்துடுச்சு" என்று தப்பித்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் ஒரு தமிழ் அமைப்பு நடத்திய மாறுவேடப் போட்டிக்குப் புறப்பட்டோம். நிலாவின் வேடம், ரூபாய் நோட்டில் சிரிக்கும் தேசத் தந்தை. பதினொரு மணிப் போட்டிக்குக் காலை ஏழு நாற்பது ஸ்லோ லோக்கல் கொஞ்சம் சீக்கிரம்தான். ஆனால் ஞாயிறென்றால் தண்டவாள வேலைக்காக மெகா பிளாக் போட்டுவிடுவார்கள். பிறகு எந்த வண்டி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நிலா வட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் எழுதித் தந்த பேச்சை முணுமுணுத்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். அதனால் தமிழ்ப் பேச்சை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். எதிரே பட்டாணி உரித்துக்கொண்டிருந்த பெண், "ஏ தாத்தா, டிக்கெட் எடுத்தீங்களா?" என்று இந்தியில் கேட்டாள். "நான் தண்டிக்கே நடந்து போனவன், எனக்கெதுக்கு டிக்கெட்?" என்றாள் இவள். பெட்டியே சிரித்தது.

8.45: சயன். அங்கிருந்து தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பதினைந்து நிமிட நடை. அங்கேதான் என் கணவரின் அக்கா வீடு. மதினி ஏற்றுமதிச் சட்டை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார், வீட்டிலும் ஒரு மிஷின் வைத்திருக்கிறார். நான்கு முழ வேட்டி நிலாவின் இடுப்பில் நிற்காததால், கொசுவம் வைத்து எலாஸ்டிக் போட்டுத் தைத்து வாங்க வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் செம்பூரில் வளர்ந்தவள். எங்கள் கூடத்தில் தேசத் தந்தையின் படம் இருந்தது. மதினி வீட்டில் மிஷினுக்கு மேலே நீலக் கோட்டுப் போட்டவரின் படம், அரசியல் சட்டம் எழுதியவருடையது. திருமணமாகிப் பன்னிரண்டு வருடமாகியும் இந்த இரண்டு படங்களைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. டோம்பிவிலி வீட்டுச் சுவரில், வம்பே வேண்டாமென்று ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறேன். போனில் மதினியிடமும் "ஒரு வேஷத்துக்கு வேட்டி தைக்கணும்" என்றேனே தவிர, யார் வேஷம் என்று சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

மதினி பையைப் பிரித்தார். வேட்டி, கைத்தடி, மொட்டைத் தலைக்கு ரப்பர் தொப்பி.

"யாரு வேசம்ட்டி இது?"

"தேசத் தந்தை, அத்தை!"

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதான் போன்ல பேர முழுங்கிட்டியாக்கும். இந்தப் படத்துக்குக் கீழ ஒக்காந்து நான் இதத் தைக்கணும், என்ன?"

"தப்பா நெனைக்காதீங்க மதினி..."

"நான் ஏன் தப்பா நெனைக்கேன்? நீயில்லா பயந்து சொல்லாம விட்ருக்க."

"அத்தை, அவரு வில்லனா?" என்றாள் நிலா.

"ஏட்டி, இது என்ன சினிமாவா? ஃப்ரீடம் வாங்கித் தந்தாரு, இல்லங்கல. ஆனா ஊருக்கு வெளிய ஒதுக்கி வச்ச நம்ம சனம் தனியா ஓட்டுப் போட்டு நம்ம ஆளத் தேர்ந்தெடுக்க ஒரு வழி கெடச்சுது. கூடாதுன்னு இவரு ஜெயில்ல பட்டினி கெடந்தாரு. இவரு உசுரு போச்சுன்னா நம்மள விட்டு வைப்பானுவளா? அதான் அத விட்டுக்கொடுத்து அவரு கையெழுத்துப் போட்டாரு" என்று சுவரைக் காட்டினார்.

"சச்சீ? நெஜமாவா? அம்மா பேப்பர்ல இது இல்லையே!"

"ஒங்கம்மா பேப்பர்ல எப்படி இருக்கும்?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் இந்த வீட்டுக்கு மறுபடி எந்த முகத்தோடு வருவது? கிளம்பாமல் இருந்தால் அவரை இன்னும் நோகடிப்பதாகாதா? மணி ஒன்பதரை. நான் எழுந்திருப்பதற்குள் மதினி டேப்பை எடுத்துவிட்டார்.

"இங்க வா, இடுப்பக் காட்டு. மேடையில அவுந்து விழுந்தா அசிங்கம் அவருக்கில்ல, தையக்காரிக்கு."

அரைமணியில் வேட்டி தயார். "நீங்களும் வாங்க மதினி" என்றேன். "எதுக்கு, அவருக்குக் கை தட்டவா?" என்றார்.

சயனுக்குத் தெற்கே ஆட்டோ ஓடாது. டாக்ஸி பிடித்தோம். மாட்டுங்கா மூன்று கிலோமீட்டர்கூட இல்லை, ஐம்பத்தைந்து ரூபாய். வழியில், "அத்தை சொன்னத மேடையில சொல்லாத" என்றேன். சொன்ன மறுநிமிடமே அது சரிதானா என்று குடைய ஆரம்பித்தது.

அரங்கில் நிலாவோடு சேர்த்து நான்கு தேசத் தந்தையர். இரண்டாவது தந்தை பேச்சின் பாதியில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினார். நிலா தடுமாறாமல் பேசி முடித்தாள். பேச்சு முடிந்ததும் நடுவர் ஒரு கேள்வி கேட்பது அங்கே வழக்கம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டார்: "தாத்தா, நாடே உங்களைக் கும்பிடுதே, சந்தோஷமா?"

நிலா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேனா, வேண்டாமென்றேனா, எனக்கே தெரியாது.

"எல்லாரும் கும்பிடல டீச்சர். எங்க அத்தை கும்பிட மாட்டாங்க. நான் பட்டினி கெடந்ததால அவங்க சனத்துக்குக் கெடச்ச ஒண்ணு போயிடுச்சாம். ஆனா இந்த வேட்டி அவங்க தச்சதுதான். பாருங்க, அவுறவே இல்ல!" கைத்தடியைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"சின்னப் பிள்ளைக்கு இதையெல்லாமா சொல்லித் தர்றது?" என்றார் முன் வரிசையில் ஒருவர். "நடந்ததைத்தானே சொல்றா, உக்காருங்க சார்" என்றார் நடுவர்.

அப்போது பின்னாலிருந்து ஒரு விசில். இரண்டு விரலை வாயில் வைத்து அடிக்கும் தாராவி விசில். திரும்பினால், கதவருகே மதினி! "ஏட்டி, அப்படிப் போடு!" அதற்குப் பிறகு கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

நிலாவுக்கு முதல் பரிசு, மூன்றடுக்கு டிபன் கேரியர். மதினி அதைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்கா ஸ்டேஷன்வரை ஊர்வலம்போல முன்னால் நடந்தார். "விசிலு அவருக்கில்ல, பாத்துக்க. என் மருமவளுக்கு" என்றார். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். பன்னிரண்டு வருடத்தில் அவர் முன்னால் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

வென்றவர்களுக்கு அடுத்த மாதம் செம்பூரில் இறுதிச் சுற்று. வேடம் கிடையாது. அதே தலைவரைப் பற்றி ஐந்து நிமிடம் சொந்தமாகப் பேச வேண்டும். முன் வரிசையில், கூடத்தில் அந்தப் படத்தை மாட்டிய என் அப்பா உட்கார்ந்திருப்பார். பட்டறையிலிருந்து பத்துப் பேரைக் கூட்டி வருவேன் என்கிறார் மதினி. நிலாவோ, "இந்தத் தடவ நீ எழுதாதம்மா" என்கிறாள். அவளை அப்படியே விட்டுவிட ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. பிள்ளைகளை மேடையேற்றியவர்களே, உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்? நான் எழுதிக் கொடுக்கட்டுமா, இல்லை, வெற்றுத் தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே போய் உட்காரட்டுமா? தயவுசெய்து எழுதுங்கள்.