ஆரல்வாய்மொழியில் ஒரு குரோட்டன் வேலி

நேற்று பென்ஷன் ஆபீஸ் முற்றத்தில் ஒருவன் பெரிய கத்திரியால் குரோட்டன் வேலியை மட்டமாக வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டுப்பட்ட தண்டின் பால் வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் வரிசையில் நிற்க முடியவில்லை. "என்ன சாரே, வயிறு சரியில்லியா?" என்று பின்னால் நின்றவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்தேன். நாற்பது வருஷக் கதையை வரிசையில் வைத்தா சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு முதல் வேலை, ஆரல்வாய்மொழி மிஷன் பள்ளிக்கூடத்தில். நான் மேற்கே புதுக்கடைக்காரன், கட்டிக்கொண்டு வந்த எஸ்தரும் புதுக்கடைதான். காற்று என்றால் தென்னோலை அசைவது என்று நினைத்திருந்தவர்கள் நாங்கள். இங்கே கணவாய்க் காற்றில் சோற்றுக்குள் மணல் கிடக்கும். கொடியில் போட்ட வேட்டியை அடுத்த தெருவில் போய்ப் பொறுக்க வேண்டும்.

"இந்தச் சவத்துக் காத்து எனக்க தலைக்குள்ளயே கெடந்து ஊதுது. ஒரு வேலி வச்சுத் தாருங்க. இல்லேன்னா நான் எனக்க வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

மூங்கில் வேலி கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன். அவளுக்கு அம்மை வீட்டு முற்றத்துக் குரோட்டன்தான் வேண்டும். ஆடு கடிக்காது, வருஷம் முழுக்க இலை நிற்கும். வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்கும் நாள் பார்த்துக் கம்பு வெட்டி வந்து, சாண் இடைவெளியில் ஊன்றினேன். எங்கள் ஊரில் அந்த மழையில் குடைக்காம்பை ஊன்றினாலும் தளிர்க்கும். இங்கேயோ மழை மேற்கு மலையோடு நின்றுவிட்டது. காற்று மட்டும் வந்தது. பத்தே நாளில் அத்தனையும் விறகு.

பக்கத்து வீட்டுக்காரர் தோவாளைச் சந்தைக்குப் பூ கொண்டுபோகிறவர். "வாத்தியாரே, அந்த மழ ஒங்க ஊருக்குள்ளது. இங்க ஐப்பசியில நடணும்" என்றார். ஒரு நாள் வண்டிப் பயணத்தில் மழைக்காலமே மாறும் என்பது பூகோளம் நடத்திய எனக்குத் தெரியவில்லை.

எஸ்தர் சொன்னபடியே பெட்டியோடு போய்விட்டாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேற்கே எங்காவது மாற்றித் தரும்படி மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டேன். பதில் இல்லை. ஐப்பசியில் மறுபடியும் நட்டு, காற்றுப் பக்கம் பனையோலை மறைத்தேன். பிடித்துக்கொண்டது. தளிர் கண்டதும் கடிதம் எழுதினேன், கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டாள்.

அதன்பின் வேலி அவளுடையது. நுனியைக் கிள்ளினால்தான் பக்கத்தில் கிளைக்கும் என்று இரக்கமில்லாமல் கிள்ளுவாள். பால் கறை படாத சேலை அவளிடம் ஒன்றுகூட இல்லை. தென்னை நிழலில் வெறும் பச்சையாக நின்ற செடி இந்த வெயிலில் மஞ்சளும் சிவப்புமாக மாறியது. "எனக்க அம்மை பாத்தா நம்ப மாட்டா" என்பாள். மூன்றாம் வருஷம் வேலி அவள் தோளுக்கு வந்துவிட்டது. காற்றைப் பற்றிய பேச்சே இல்லை.

அப்போதுதான் மாற்ற உத்தரவு வந்தது, புதுக்கடைக்கே. மனுப் போட்டதை நான் மறந்தே போயிருந்தேன்.

"ஆரு கேட்டா?" என்றாள்.

"நான்தான். நீ போனப்ப எழுதினது."

"வந்தப்பறம் வேண்டாம்னு எழுதியிருக்கலாமே."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை. நாலு கம்பாவது வெட்டிக்கொள் என்றேன். "வேண்டாம். அங்க போனா பச்சயாட்டுத்தான் நிக்கும்" என்றாள்.

இப்போது அந்த வீடும் இல்லை, வேலியும் இல்லை. ரோடு அகலமாகிவிட்டது என்கிறார்கள். போய்ப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. எஸ்தர் கண்மூடியும் ஒன்பது வருஷமாகிறது. எதை ஊன்றினாலும் முளைக்கிற புதுக்கடை மண்ணில் முப்பது வருஷம் இருந்தாள். ஒரு செடிகூட நடவில்லை. ஏன் என்று ஒரு நாளாவது நான் கேட்டிருக்க வேண்டும். பதில் தெரியும் என்பதால் கேட்கவில்லை.