என் மகள் முதலில் படுத்த நெஞ்சு

இரண்டாயிரத்து ஏழில், மாதம் நிறைவதற்கு முன்பே, சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்தாள். ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவிக்குக் காய்ச்சல் விடவில்லை. அதனால் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"கொழந்தைக்கு ஒடம்புல சூடு நிக்க மாட்டேங்குது. நாளைக்குக் குளிச்சிட்டு வாங்க. சட்டையக் கழட்டிட்டு நெஞ்சோட வெச்சிக்கணும். அம்மாவால முடியலன்னா அப்பாதான்."

நான் எட்டாவதோடு நின்றவன். செம்மங்குப்பத்தில் சாயம் செய்கிற கம்பெனி ஒன்றில் மூட்டை பிரித்துக் கொட்டுகிற வேலை. எவ்வளவு குளித்தாலும் உடம்பில் ஒரு வாடை நிற்கும். வேர்த்தால் பனியனில் மஞ்சள் இறங்கும். அது அந்தச் சின்ன மூக்கில் ஏறினால் என்ன ஆகும்? சிஸ்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். கடலூரில் வீட்டுக்கு வந்து துணி சோப்பைப் போட்டு, பீர்க்கங்காய் நாரால் நெஞ்சைத் தேய்த்தேன். எரிந்தது. எரிந்தால் வாடை போகிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் தேய்த்தேன்.

காலையில் சட்டையைக் கழற்றியதும் சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னாங்க இது? தோல் உரிஞ்சி தண்ணி கசியுது. இதுமேல எப்படிப் புள்ளைய வெக்கிறது?"

"கெமிக்கல் வாடை போவணும்னு..."

"நல்லாக் குளிச்சாலே போதும்ங்க. இது மொதல்ல ஆறட்டும். வீட்டுல வேற யாரு இருக்கா?"

மனைவியின் தம்பி இட்லித் தூக்கோடு வெளியே நின்றிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் சட்டைப் பொத்தானில் கை வைத்துவிட்டான்.

"காது குத்த மட்டும் தாய்மாமன் மடி கேக்குறீங்க இல்ல? நெஞ்சையும் சேத்து எடுத்துக்குங்க மாமா."

"மொதல்ல போய்க் குளிடா மச்சான்."

"குளிக்கிறேன். ஒங்கள மாதிரி பாத்திரம் வெளக்க மாட்டேன்."

வார்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவன் வாய் ஓயாத ஆள். குழந்தையை நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டியதும் மூச்சைக்கூட அளந்து விட்டான். மத்தியானம் சிஸ்டர் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கால் சூடாயிடுச்சி" என்றார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அதைவிட ஜாஸ்தியாக, அவன் காலில் விழலாம் போல இருந்தது.

மூன்று நாள் அவன்தான் வைத்திருந்தான். நாலாம் நாள் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு சிஸ்டர் தலையாட்டினார். மகளை என்மேல் வைத்தபோது கனமே தெரியவில்லை, சூடுதான் தெரிந்தது. எனக்கோ படபடப்பு.

"நெஞ்சு அடிச்சிக்குது சிஸ்டர். கொழந்த பயந்துக்காதா?"

"அம்மா வயித்துல கேட்ட சத்தந்தாங்க அது. அடிக்கட்டும், விடுங்க."

அதுவரை எல்லோரும் என்னைப் பயப்படாதே என்றுதான் சொல்லியிருந்தார்கள். நான் பயந்துகொண்டே இருந்தேன். அவள் தூங்கிவிட்டாள்.

இப்போது வளர்ந்துவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் மச்சான் சொல்லாமல் விடமாட்டான்: "இவ மொதல்ல படுத்தது எங்கிட்டதான். மாமா நாலாவது நாள்தான் வந்தாரு."

"ஆமாம்" என்று நானும் சொல்லுவேன்.