தலைப்பைக் கடித்துக்கொண்டு கேட்ட பாட்டு

என் தங்கை இன்று ஓபரா மேடைகளில் உச்சக் குரலில் பாடுகிற சோப்ரானோ. அவளுடைய முதல் ஒலிப்பதிவுகள் எங்கே நடந்தன என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிட்னிப் புறநகரான செவன் ஹில்ஸில், எங்கள் வீட்டு அறையில்! எதிரொலி அடங்கட்டும் என்று அம்மாவின் கூறைச் சேலை உட்பட அத்தனை சேலைகளையும் சுவர் முழுக்கத் தொங்கவிட்டோம். போனைப் பிடித்தவள் நான்.

ஓபராக் கம்பனியில் குரல் தேர்வுக்கு வருமுன் ஒரு பாட்டைப் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அன்று மாலைக்குள் போகாவிட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். அவளோ இதை நம்பி வங்கி வேலையை விட்டிருந்தாள்.

தொல்லை அம்மாதான். இத்தாலிய மொழியில் ஒரு சொல் தெரியாது. ஆனால் கர்நாடகக் கச்சேரிகளில் முன்வரிசையில் இருந்து பழகிய உடம்பு. தங்கையின் குரல் மேலே போய் நின்றால் போதும், அம்மாவின் கை தொடையில் தாளமாக விழும், வாய் "ஆகா!" என்றுவிடும். நல்ல இடமெல்லாம் பாழ்.

"அம்மா, உங்களைக் கும்பிட்டன், வாயை மூடிக்கொண்டு இருங்கோ!" என்று கத்தினேன்.

"நான் என்ன செய்யிறது? பிள்ளை நல்லாப் பாடுறாள், அது தானா வருது."

அம்மாவைக் குசினிக்குச் சமைக்க அனுப்பினோம். அங்கிருந்தும் கேட்டது. கடைசியில் காருக்குள் இருத்திக் கதவைச் சாத்தினேன். இப்போது பாட்டு உப்பில்லாத சோறு மாதிரி இருந்தது. தங்கைக்கே பிடிக்கவில்லை. "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா அக்கா" என்றாள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு எதிரே இருந்தார். அந்தப் பதிவைத்தான் அனுப்பினோம். குரல் தேர்வும் முடிந்து அவளை எடுத்துவிட்டார்கள்.

முதலில் கோரஸில் பின்வரிசை. பிறகு சிட்னியில் ஒரு பகல் காட்சியில் அவளுக்கென்று தனிப்பாட்டு. முடிந்ததும் சபை எழுந்து கைதட்டியது. அம்மா மட்டும் பட்டுத் தலைப்பைக் கடித்தபடி அசையாமல் இருந்தார்.

மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் தங்கை வாசலுக்கு ஓடிவந்தாள். முகம் வாடியிருந்தது.

"நல்லா இல்லையோ அம்மா?"

"ஐயோ பிள்ளை, நான் சத்தம் போட்டா உன்ர வேலை போயிடும் எண்டு பயந்திட்டன்."

"நான் அந்தச் சத்தத்துக்குத்தானே காத்துக்கொண்டு நிண்டனான்!"

அழுதேவிட்டாள், பாவி. எனக்கும் தாங்கவில்லை. அம்மா அவள் கன்னத்தைப் பிடித்து, நடுவாசலில், சனம் போய்க்கொண்டிருக்கும்போதே, அடிவயிற்றிலிருந்து ஒரு "ஆகா!" போட்டார். காவலாளி திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டுமே.